நிழல் விழாத நாள்

"கள்ளுக் குடிச்சவனுக்கு நிழல் ரெண்டாத் தெரியுமெண்டுதான் கேள்விப்பட்டிருக்கிறன். இல்லாமலே போகப்போறது உமக்குத்தான்" என்றார் கலந்தர் சம்மாட்டி.

கேலி எமிலியானுஸுக்கு. முழங்காலளவு தண்ணீரில் நின்று வெள்ளைத் துணியை ஆட்டி, முத்துக்குளிக்கப் புறப்பட்ட படகுகளையெல்லாம் பாதி வழியிலேயே சிலாவத்துறைக் கரைக்குத் திருப்பி அழைத்தவர் அவர்தான். கலந்தருடைய படகுகளே அதில் அதிகம்.

எமிலியானுஸ் ஒரு கடல்கட்டி. சுறாக்களின் வாயை மந்திரத்தால் கட்டுவது தொழில். ஞாயிற்றுக்கிழமை பூசை காண்பார். மற்ற நாட்களில் சுறாவைக் கட்டுவார். மந்திரத்தை நம்பாத ஆங்கில அரசாங்கம்தான் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. அவர் கரையில் நிற்காவிட்டால் ஒரு மனிதனும் கடலில் இறங்கமாட்டான் என்பதை அது நம்பியது.

கட்டுக்கு ஒரு நிபந்தனை. கட்டுகிறவரின் நிழல் தண்ணீரில் விழவேண்டும். விரலளவு விழுந்தாலும் போதும். சூரியன் நேர் உச்சியில் நிற்கும் அந்த ஒரு நாளில் மட்டும் நிழல் காலடிக்குள் ஒளிந்துகொள்ளும், கட்டு அவிழ்ந்துவிடும். அது மறுபடி இறுக மூன்று நாள் பிடிக்கும். அதுவரை கடல் பூட்டு. (உண்மையில் அந்த நாள் வருடத்துக்கு இரண்டு முறை வரும். இரண்டாவது, ஆவணியில். ஆவணியில் முத்துக்குளிப்பு இல்லாததால், சுறாக்கள் உட்பட யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை.)

"போன வருஷம் சித்திரை பிறந்த பிறகுதானே வந்தது? இந்த முறை பங்குனியிலயே வந்திட்டுதோ? சூரியனும் உம்மைப்போல அரசாங்கக் கந்தோரில சம்பளம் வாங்குதோ?"

"இண்டைக்கு நேர் உச்சிக்கு வருது, சம்மாட்டியார். நான் என்ன செய்ய?"

"கட்டு இல்லாட்டியும் பரவாயில்லை காக்கா, நான் இறங்குறன்" என்று கலந்தரை அண்ணன் முறையில் கூப்பிட்டபடி முன்னால் வந்தான் மர்சூக். கலந்தரின் படகுகளில் அவனைப்போல் ஆழம் போகிறவன் இல்லை. தலையில் கட்டியிருந்த துண்டை இடது காதை மூடும்படி இழுத்துவிட்டிருந்தான். துண்டின் ஓரம் சிவந்திருந்தது.

"மச்சான், உன்ர கல்லு கனமோ? எனக்கு ஒத்துவருமோ?" என்று கேட்டான் சிங்கராசா. அந்த வருடம் இடம் கிடைக்காமல் கரையில் காத்திருப்பவன்.

"நீ கிணத்தடியில குளி. அதுக்குக் கல்லு தேவையில்லை."

குளிப்பவனைக் கீழே இழுத்துப்போகிற கல் அது. ஒரு நாள் அதைக் கைவிட்டால் மறுநாள் அது காத்திருப்பவனுக்கு. காய்ச்சலென்றாலும் சரி, காதில் இரத்தமென்றாலும் சரி, அதுதான் துறையின் சட்டம். சம்மாட்டி நினைத்தாலும் மாற்ற முடியாது. கடலே பூட்டினால் மட்டும் யார் கல்லும் பறிபோகாது.

காது உடைந்தவன் மறுபடி ஆழம் போனால் கயிற்றோடு மேலே வருவது உடம்பு மட்டும்தான். மர்சூக்குக்கும் அது தெரியும். ஊரில், எருக்கலம்பிட்டியில், மனைவி ஆமினாவும் பிள்ளைகளும் அடுத்த மழை வரைக்கும் சாப்பிடப்போவது இந்தக் கல்லில்தான் என்பதும் தெரியும்.

"மர்சூக், படகில கிடக்கிற கம்பைக் கொண்டுவா" என்றார் கலந்தர்.

அவன் அசையவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். சிங்கராசா இடித்த பிறகுதான் திரும்பினான்.

"காதில என்ன, பஞ்சோ?"

"காத்து இரைச்சல் காக்கா. கேக்கேல்லை."

காற்று அசையவே இல்லை. கலந்தர் அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு கம்பை வாங்கி மணலில் நட்டார்.

"எல்லாரும் கேளுங்கோ. நிழல் விழுந்தா இண்டைக்கு ராவே படகு போகும். கடல்கட்டியார் வேற தொழில் பாக்கலாம். விழாட்டி மூண்டு நாள் கடல் பூட்டு."

எமிலியானுஸ் சிலுவை போட்டுக்கொண்டார்.

கந்தோர் மணி பன்னிரண்டு அடித்தது. கலந்தர் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் கம்பை ஒருமுறை சுற்றி வந்தார். குனிந்தார். நிமிர்ந்து கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நிழல் இல்லை."

கூட்டம் முணுமுணுத்தது.

"நான் ஒருக்காப் பாக்கிறன் காக்கா" என்று மர்சூக் கிட்ட வந்தான்.

"என்ர கண் பொய் சொல்லுமெண்டுறியோ? மூண்டு நாள் சிப்பி போறது எனக்கு. உன்ர கல்லை ஒருத்தனும் தூக்கமாட்டான். போய்ப் படு."

அதற்கு மேல் யார் என்ன பேசுவது? தன் தலையில் தானே மண் அள்ளிப் போட ஒரு மனிதன் பொய் சொல்வானா? அதுவும் கலந்தர் சம்மாட்டி?

சிங்கராசா வந்த வழியே போனான். மற்றவர்கள் படகுகளை மணலில் இழுத்து வைத்துவிட்டுக் கலைந்தார்கள். மர்சூக் காதைப் பொத்திக்கொண்டு முணுமுணுத்தபடி ஓலைக் கொட்டிலை நோக்கி நடந்தான்.

எமிலியானுஸ் மட்டும் நின்றார். அவருக்குத்தான் பெரிய கலக்கம். நிழல் போக இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. முதல்நாள் மாலை மர்சூக் கரையோரம் காதைக் கழுவியபோது தண்ணீர் சிவந்ததைப் பார்த்துத்தான் அந்த நாளை முன்னால் இழுத்திருந்தார். சொன்ன பொய் பலித்துவிட்டால், இத்தனை வருடம் சொல்லிய மந்திரத்தைப் பற்றி என்ன நினைப்பது?

மெல்லக் கிட்டப் போனார்.

"சம்மாட்டியார், மெய்யாவே நிழல் இல்லையோ?"

கலந்தர் நின்ற இடத்திலேயே பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"முதல்ல மர்சூக் உள்ளுக்குப் போயிட்டானோ எண்டு பாரும். மணல் நெருப்பாக் கிடக்கு. காலை எடுத்தனெண்டா நிழல் தெரிஞ்சிடும்."