நான்கு வருடப் படிப்பு

“ரெண்டு இடத்திலயும் சேர்த்துக்கிறோம்னு எழுதிட்டாங்க. இன்னிக்கே தந்தி அடிக்கணும். எதும்மா நல்லது?” என்று கேட்டார் சேதுராமன்.

“அமெரிக்காதான்பா,” என்றாள் மகள் சந்திரமதி. காஜா பேராங் வட்டாரத்தில் இருந்த அந்த வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

“ரெண்டுமே பேர் போன தனியார் பல்கலைக்கழகம். இந்தியான்னா நம்ம சாப்பாடு, மூணே வருஷம். அங்க நாலு வருஷமாச்சே.”

“வெள்ளைக்காரன் போயி மெர்டேக்கா, சுதந்திரம் கிடைச்சாச்சு. இனிமே அமெரிக்கப் பட்டத்துக்குத்தான்பா மதிப்பு.”

“குளிர் தாங்கணுமே.”

“கம்பளி போட்டா பழகிடும். தயவு செஞ்சு அமெரிக்கான்னே அடிங்கப்பா.” அவள் குரல் உடைந்தது.

“சரி, அழாதே,” என்று சைக்கிளை எடுத்தார்.

சந்திரமதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். படிக்கப் போவது அவளல்ல; அவளுக்கு நிச்சயித்திருந்த கருணாகரன். அவனைப் படிக்க வைப்பதுதான் அப்பா ஒப்புக்கொண்ட சீர். பட்டத்தோடு அவன் திரும்பியதும் கல்யாணம். அவளுக்குப் பள்ளியில் இன்னும் ஒரு வருடம், அதன்பின் ஆசிரியர் பயிற்சி மூன்று வருடம். இந்தியா என்றால் அதற்குள் வந்துவிடுவான்.

மாலையில் அப்பா பக்கத்துத் தெங்கேராவில் இருந்த மாப்பிள்ளை வீட்டுக்கும் போய்விட்டுத் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

“தந்தி அடிச்சாச்சும்மா. சம்பந்தியம்மாதான் பயப்படுறாங்க. இந்தியான்னா பரவாயில்லையாம். அமெரிக்கான்னா வெள்ளைக்காரியைக் கட்டிக்கிட்டு வந்துடுவானாம். கால்கட்டு போட்டுத்தான் கப்பல் ஏத்தணும்னுட்டாங்க. அடுத்த வாரமே முகூர்த்தம். நாளையில இருந்து பள்ளிக்கூடம் வேணாம்மா.”