பாதிக் கட்டணம்

சான்றிதழ்ப் பரீட்சைக்கான பாதிக் கட்டணச் சலுகை முடிய இன்னும் பதினேழு மணி நேரமே இருந்தது. கணினிப் பாதுகாப்புப் பிரிவின் தலைவர் அதை அறிவித்த மின்னஞ்சலை மறுபடி படித்தார். அவர் தலைக்கு மேல் ஒன்பது சான்றிதழ்கள் தொங்கின.

எதிரே நின்ற பயிற்சிப் பெண்ணிடம் ஒன்றுகூட இல்லை. அவள் வேலை நிரந்தரமாவது அவர் கையில் இருந்தது.

"படிச்சா மட்டும் பத்தாதும்மா, பேப்பர் வேணும். இதுதான் காசுக்கேத்த பரீட்சை."

"சார், அந்த மெயில்..."

"குறுக்க பேசாத." மின்னஞ்சல் காட்டிய பக்கத்தில் கார்டு எண்ணைத் தட்டி முடித்து நிமிர்ந்தார். "உனக்குக் கொடுத்த வேலை என்னாச்சு?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"போலி மெயில் அனுப்பி, நம்ம ஆபீஸ்ல ஒருத்தரையாவது ஏமாத்திக் காட்டினா வேலை நிரந்தரம்னு சொன்னீங்க. எல்லாருக்கும் அனுப்பினேன். வாட்ச்மேன்கூட அழிச்சிட்டாரு. மாட்டினது நீங்க ஒருத்தர்தான் சார்."