கிர் காட்டுச் சிங்கம்

“யூனிஸ் மேடம், அந்தக் கிர் சிங்கத்தை மட்டும் எனக்குத் தாங்களேன்.”

அலுவலகத்தில் கோமதிசங்கர் ஒரு வாரமாக நச்சரித்தார். பழைய போஸ்டர் பாணியில் தேசியப் பூங்காக்களை வரைந்த தபால் அட்டைகளை இருவருமே சேர்த்து வந்தார்கள்.

“சிங்கம் போனா என் ஆல்பமே மூளியாயிரும் சார். ஒங்ககிட்டதான் புலி, யானை, காண்டாமிருகம்லாம் இருக்கே! பேராசைப்படாதிய.”

அவர் தன் மேசைக்குத் திரும்பிப் போனார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து, சபைப் பெண்களோடு ஆஸ்பத்திரிக்கு ஜெபிக்கப் போனாள் யூனிஸ். குழந்தைகள் வார்டில் கட்டிலுக்கு ஒன்றாக அதே அட்டைகள் ஒட்டியிருந்தன. ஒரு சிறுமி படுத்திருந்த கடைசிக் கட்டிலில் மட்டும் இல்லை.

“கோமதிசங்கர் சார்தான் கொண்டாந்து ஒட்டுதாங்க,” என்றாள் நர்ஸ். “இவ சிங்கம்தான் வேணும்னு அடம்பிடிக்கா.”

சிறுமி யூனிஸின் பையை எட்டிப் பார்த்தாள். “சார் ஒங்ககிட்ட குடுத்துவிட்டாவளா, அக்கா?”

அன்று யூனிஸ் ஜெபத்துக்கு நிற்கவில்லை. வீட்டுக்குப் பஸ் பிடிக்க ஓடினாள்.