மாட்டுக்காரர் வேஷம்

"மாடு செத்துப்போச்சுன்னு பட்டுனு போட்டு உடைக்கக்கூடாது. நம்ம அங்கோலே சீமையில மாடுதான் உயிரு. இப்ப நான்தான் மாட்டுக்காரன். யாரு வந்து பக்குவமா சொல்றீங்க?" என்றார் கால்நடை மருத்துவப் பேராசிரியர் ருவாபுஹிங்கா.

மாணவி கியோமுஹங்கி எழுந்து வந்தாள். அவரை உட்காரவைத்தாள். வீட்டில் எல்லாரும் சுகமா, புல் இருக்கிறதா என்று விசாரித்தாள். மாட்டின் கொம்பழகை வாய் ஓயாமல் புகழ்ந்தாள். பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள்.

"வயிறு உப்பிடுச்சுங்கய்யா. எங்களால ஆனதெல்லாம் செஞ்சு பார்த்தோம். காப்பாத்த முடியல." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பேராசிரியரும் சளைக்கவில்லை. "அழாதே மகளே. நீ என்ன பண்ணுவே? உன்மேல எனக்குத் துளிகூடக் கோபமில்ல" என்று அவள் தலையைத் தொட்டார். பிறகு வகுப்பைப் பார்த்துச் சிரித்தார்.

"கண்ணீரே வந்துடுச்சு! நூத்துக்கு நூறு! கைதட்டுங்கப்பா!"

யாரும் தட்டவில்லை.

"சரி, கியோமுஹங்கி, நீங்க வைத்தியம் பழக நேத்து என் பசு பிஹோகோவைக் கொண்டாந்து விட்டேன்ல? அவளை அவுத்துட்டு வா. வீட்டுக்கு ஓட்டிட்டுப் போறேன்."

அவள் நகரவில்லை.

"அதைத்தான் சார் இவ்வளவு நேரமா சொன்னேன்."