கேஸ்கெட் போச்சு

"கேஸ்கெட் போச்சுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்கண்ணே. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

பட்டறைக்குப் பின்னால், பழைய டயர்கள் அடுக்கியிருந்த சந்தில் நின்று மெக்கானிக்கிடம் கெஞ்சினாள் மகள். முன்பக்கம் அவளுடைய அப்பா, இருபத்தாறு வயதான காரின் பானட்டைத் தூக்கி வைத்துவிட்டு, நோயாளியின் தலைமாட்டில் நிற்பவர் போல நின்றிருந்தார்.

"அவருக்குக் கண்ணு ரெண்டும் மங்கிக்கிட்டே வருது. போன வாரம் பிளாட்ஃபாரத்துல ஏத்திக் குப்பைத்தொட்டியைச் சாய்ச்சுட்டாரு. கேட்டா, நடு ரோட்டுல தொட்டி வெச்சவன் மேல கேஸ் போடணுங்கறாரு. நாளைக்கு அந்த இடத்துல ஒரு குழந்தை நின்னா? அதுக்காக, ஓட்டாதீங்கப்பான்னு என் வாயால எப்படிண்ணே சொல்வேன்? வண்டி ஓட்டியே என்னை ஆளாக்கின மனுஷன்."

மெக்கானிக் கைகளைத் துணியில் துடைத்தார்.

"பொய் சொல்லி ஒரு வண்டியைக் கொன்னதில்லைம்மா நான். பார்க்கறேன். இருக்கறதைச் சொல்றேன்."

அவள் முகம் வாடிவிட்டது.

"என்ன தம்பி, ரகசியம் பேசி முடிச்சாச்சா? என் சின்னவளைக் கொஞ்சம் பாரு" என்றார் அப்பா. மகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருடம் வாங்கிய கார். அன்றிலிருந்து வீட்டில் இவள் மூத்தவள், அது சின்னவள்.

"என்ன பண்ணுதுங்க அய்யா?"

"சூடு ஏறுது. முள்ளு சிவப்பைத் தொடுது. எனக்கென்னவோ கேஸ்கெட்டுன்னுதான் தோணுது."

வரும் வழியில் முள் அசையவே இல்லை. நாக்கு நுனிவரை வந்ததை மகள் விழுங்கிக்கொண்டாள். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வருகிறபோது நாமே ஏன் தடுப்பது?

ஆறட்டும் என்று காத்திருந்து ரேடியேட்டர் மூடியைத் திறந்தார் மெக்கானிக். தண்ணீர் கழுத்துவரை நின்றது. என்ஜினை ஓடவிட்டு உள்ளே உற்றுப் பார்த்தார்.

"என்ஜின்ல தண்ணியும் ஆயிலும் கலக்காம தடுக்கறதுதான் கேஸ்கெட். அது ஓட்டையானா சோடா மாதிரி குமிழி விடும்."

ஒரு குமிழி இல்லை.

காருக்குப் பின்னால் போய்க் குந்தினார். வெள்ளைப் புகை வந்தால் தண்ணீர் எரிகிறது என்று அர்த்தமாம். புகையும் இல்லை. ஒரு பொருள் கெட்டுத் தொலையட்டும் என்று மகள் வாழ்க்கையிலேயே முதல்தடவையாக வேண்டிக்கொண்டாள்.

கடைசியில் என்ஜினை நிறுத்தி, ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகி எடுத்தார். மூடியின் உட்புறம் முழுக்க வெளுத்த நுரை அப்பியிருந்தது.

"ஆயில்ல தண்ணி கலந்துடுச்சா தம்பி?" என்றார் அப்பா, எட்டிக்கூடப் பார்க்காமல்.

மெக்கானிக் நுரையை விரலால் வழித்தார். மூக்கருகே கொண்டுபோனார். பெரியவரை நிமிர்ந்து பார்த்தார். பெரியவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போச்சுங்க அய்யா. கேஸ்கெட் போச்சு. இந்த வயசுல என்ஜினை இறக்கி ஏத்தினா வண்டி தாங்காது. விட்டுடுங்க."

அப்பா சண்டை போடுவார், வேறு பட்டறைக்குப் போவோம் என்பார் என்று மகள் நெஞ்சைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அவரோ பானட்டைச் சத்தமில்லாமல் இறக்கினார். அதன் மேல் கையை வைத்துச் சற்று நேரம் நின்றார். பிறகு சாவியை மெக்கானிக்கின் கையில் திணித்தார்.

"அவளுந்தான் எவ்வளவு காலம் ஓடுவா, பாவம். மூத்தவளே, இனிமே எங்க போனாலும் நீதான் என்னைக் கூட்டிட்டுப் போகணும்."

"கூட்டிட்டுப் போறேன்பா" என்றாள் மகள்.

அவர் காலால் தரையைத் தடவித் தடவி வாசல் நிழலுக்கு நடந்தார்.

"நிஜமாவே போயிடுச்சாண்ணே?" என்று கிசுகிசுத்தாள்.

"கேஸ்கெட்டா? கல்லு மாதிரி இருக்கு."

"அய்யோ, எனக்காகப் பொய் சொன்னீங்களா!"

"உங்களுக்காக இல்லம்மா." மெக்கானிக் மூடியை அவள் மூக்கருகே நீட்டினார். தீய்ந்த பால் வாடை குப்பென்று அடித்தது. "முந்தாநாள் அய்யாவே இங்க வந்தாரு. 'எனக்குக் கண்ணு தெரியலைன்னு சொன்னா என் பொண்ணு தாங்க மாட்டா, வண்டி போச்சுன்னு சொல்லிடு'ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாரு. பொய் சொல்ல மாட்டேன், கேஸ்கெட் போனா ஆயில் பால் விட்ட டீ மாதிரி ஆகும், அப்படி இருந்தா சொல்றேன்னு அனுப்பிட்டேன். மனுஷன் பாலையே ஊத்திட்டு வந்திருக்காரு."