பாடத் தெரியாத கடா

செவலைக் கடாவுக்குத் தன் உடம்பின் மேல் அப்படி ஒரு நம்பிக்கை. தினமும் மலையேறி இறங்கும், பாறையை முட்டி உருட்டும். ஒருநாள் கடாவும் தவளையும் ஒரு கட்சியாகக் குரங்குகளோடு சடுகுடு ஆட்டம், தோற்றவர்கள் ஜெயித்தவர்களைச் சுமந்து குளத்தைச் சுற்ற வேண்டும் என்று பேச்சு. "நானே முதல்ல பாடிப் போறேன்" என்று கடா கோட்டைத் தாண்டியது.

"சடுகுடு, சடுகுடு, சடு..." அவ்வளவுதான். பாடிக்கொண்டே ஓடிப் பழக்கமில்லை, மூச்சு முட்டிவிட்டது.

"பாட்டு நின்னுபோச்சு, வெளியே போ!" என்றது நடுவர் கொக்கு.

அடுத்து அதன் கூட்டாளி தவளை போனது. மழைக்காலமெல்லாம் கத்திப் பழகிய தொண்டை, பாட்டு நிற்கவே இல்லை. ஒரு குரங்கைத் தொட்டும் விட்டது. திரும்பி வருவதற்குள் கால் ஓய்ந்து, கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் அகப்பட்டுக்கொண்டது. கொக்கு விசில் ஊதிய பிறகும் பாடிக்கொண்டுதான் கிடந்தது.

இரண்டு பேரும் வெளியேறியதால் ஆட்டம் தோற்று, குரங்குகளைச் சுமந்துகொண்டு நடந்த கடாவைப் பார்த்துத் தவளை சிரித்தது.

"சிரிக்காதடா, நீ மட்டும் என்னத்தைக் கிழிச்சே?" என்றது கடா.

மறுநாள் விடியலில் மலைப்பாதைப் பறவைகளெல்லாம் பதறிப் பறந்தன. "சடுகுடு, சடுகுடு" என்று அலறிக்கொண்டே கடா ஏறியது. பின்னாலேயே, பிறந்ததிலிருந்து முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு, தவளை தத்தித் தத்தி ஏறியது.