மலைமேல் ஒரு சத்தியம்

அரையாண்டு லீவுக்குப் பரங்கிமலை மாதா கோயிலில் நல்ல கூட்டம். ஆனால் ஆரணியிலிருந்து குடும்பத்தை இழுத்துக்கொண்டு வந்த சாராவுக்கு லீவு ஒரு சாக்குதான்.

மகள் ஜாக்குலின், சேவூர் தென்னரசுவை விரும்புகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து சாராவுக்குச் சோறு இறங்கவில்லை. பையன் வேறு மதம், வேறு சாதி. வீட்டில் எவ்வளவு கத்தியும் ஜாக்குலின் மசியவில்லை. ஆனால் மாதா முன்னால் அவள் பொய் சொல்ல மாட்டாள். அது ஒன்றுதான் சாராவின் நம்பிக்கை.

பீடத்துக்கு முன்னால் மகளை நிறுத்தினாள்.

“தென்னரசுவைக் கல்யாணம் பண்ணிக்க மாட்டேன்னு மாதா மேல சத்தியம் பண்ணு.”

“பண்ணலன்னா?”

“இந்த மலையிலேருந்தே குதிச்சிடுவேன்.”

ஜாக்குலின் தயங்கவில்லை. தலை நிமிர்ந்து சொன்னாள்.

“இனிமே நான் தென்னரசுவைக் கல்யாணம் பண்ணிக்க மாட்டேன். மாதா மேல சத்தியம்.”

சாராவுக்குக் கண்ணீர் பொங்கியது. மகளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். வெளியே வந்ததும், “அவனுக்கு ஜல்தியா போன் பண்ணி சொல்லிடு” என்றாள்.

“எதுக்கும்மா? போன மாசமே ரிஜிஸ்தர் ஆபீஸ்ல எங்க கல்யாணம் முடிஞ்சிடுச்சு. ஒருத்தரையே எத்தினி வாட்டி கட்டிக்கிறது? சத்தியத்தையும் மீற மாட்டேன், அவரையும் விட மாட்டேன்.”

சாரா பதறிப்போய்க் கணவரிடம் திரும்பினாள்.

“கேட்டுகினு சும்மா நிக்கறீங்களே! உங்க பொண்ணு செஞ்ச காரியத்தைப் பார்த்தீங்களா?”

இன்னாசிமுத்து நகர்ந்து மகளின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

“பார்த்தேன் சாரா. கூட இருந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டதே நான்தான்.”